கட்டிலில் கிடந்தவர்களைக் களத்துக்குக் கொண்டுவந்த டாக்டர்: யார் இந்த லுட்விக் குட்மன்?

வீல்சேர் டென்னிஸில் சலுகை ஒண்ணே ஒண்ணுதான். பந்து ரெண்டு தடவை தரையில் படலாம். ரெண்டாவது தடவை கோட்டுக்கு வெளியே பட்டாலும் பரவாயில்லை. மத்தபடி அதே கோர்ட், அதே வலை, அதே பந்து. இன்னைக்கு நாலு கிராண்ட்ஸ்லாமிலும் இந்த ஆட்டம் உண்டு. இதுக்கெல்லாம் வழி போட்டவர் டென்னிஸ் வீரர் இல்லை, ஒரு நரம்பியல் டாக்டர்.

லுட்விக் குட்மன் 1899-ல், அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் இருக்கும் டோஸ்ட் என்ற ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-ல் விபத்து மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தபோது, முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சில வாரத்தில் போய்விடுவார், மெனக்கெட வேண்டாம் என்பதுதான் பெரிய டாக்டர்களின் முடிவு. ஐந்தே வாரத்தில் அவர் இறந்தும் போனார். அந்த முகத்தைக் குட்மன் கடைசிவரை மறக்கவில்லை.

பின்னாளில் பிரெஸ்லாவ் நகரில் பெரிய டாக்டரானார். 1933-ல் நாஜிகள் யூத டாக்டர்களை அரசு மருத்துவமனைகளிலிருந்து துரத்தினார்கள். 1938 நவம்பரில் யூதர்களைத் தெருத்தெருவாக வேட்டையாடிய இரவில், தன் மருத்துவமனைக்கு வந்த ஆண்களை எல்லாம் நோயாளி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி, 60 பேரைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டே குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. போரில் அடிபட்ட இளைஞர்கள்தான் நோயாளிகள். இந்த மாதிரி கேஸில் முறிவே ஆளைக் கொல்வதில்லை. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்ப்பையில் தொற்று சேரும். அதுதான் உயிரை எடுக்கும். இரவு பகல் பார்க்காமல் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நர்ஸ்களுக்கு எரிச்சல்தான். ராத்திரியில் அவரே வந்து சோதிப்பார். சர்வாதிகாரி என்று முணுமுணுத்தவர்களும் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே? வீல்சேரில் இருந்தபடியே கைத்தடியால் வட்டைத் தட்டி அவர்கள் விளையாடியதைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. தோளும் கையும் பலப்படும், மனசும் நிமிரும். விளையாட்டையே சிகிச்சையாக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். 1960-ல் அது ரோம் நகருக்குப் போனபோது 23 நாடுகள். இன்றைய பாராலிம்பிக்கின் முதல் போட்டியாக அதைத்தான் கணக்கு வைக்கிறார்கள்.

1965 போரில் குண்டடிபட்ட இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பெர்க் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே நம்ம வேலூர். அங்கே விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் இருந்தபடியே 1966-ல் மறுவாழ்வு மையத்தைக் கொண்டுவந்தார்.

குட்மனுக்கு ஒரு குறையும் உண்டு. முதுகுத்தண்டு பாதித்தவர்களைத் தாண்டி யோசிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார். கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் 1976 டொரண்டோவில்தான் உள்ளே வந்தார்கள்.

அதே 1976-ல், பனிச்சறுக்கில் விழுந்து நடக்க முடியாமல் போன கலிபோர்னியா இளைஞர் பிராட் பார்க்ஸ், வீல்சேரில் டென்னிஸ் ஆட ஆரம்பித்தார். அது பாராலிம்பிக்குக்குள் வருவதைக் குட்மன் பார்க்கவில்லை. 1980 மார்ச்சில், 80 வயதில் காலமானார். 1988 சியோலில் காட்சி ஆட்டம், 1992 பார்சிலோனாவில் பதக்கம். விம்பிள்டன் ஒற்றையர் பிரிவுக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுக்குத் தனி மைதானம் வேண்டாம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு அபார்ட்மென்ட் டென்னிஸ் கோர்ட் இருந்தால் அதுவே போதும். வேண்டியது, சக்கரங்கள் சாய்வாக இருக்கும் விளையாட்டு வீல்சேர். அப்புறம், கேட் வாசலில் படிக்குப் பதிலாக ஒரு சாய்தளம்.