பச்சை நிறத்தில் ஒளிந்திருந்த விஷம்

குழந்தைகளே! ரப்பர் ஸ்டாம்ப்பை மையில் ஒற்றி வாழ்த்து அட்டை செய்திருக்கிறீர்களா? அழகான வண்ணத்திலும் ஆபத்து இருக்கலாம். ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை இதைத்தான் சொல்கிறது.

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1742-ல் ஸ்ட்ரால்சுண்ட் நகரில் பிறந்தார். இன்று ஜெர்மனியில் உள்ள அந்த ஊர் அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. 14 வயதில் மருந்துக் கடையில் வேலை கற்கச் சேர்ந்தார். பகலில் மருந்து தயாரிப்பார். இரவில் கண்விழித்துச் சோதனைகள் செய்வார். ஆக்சிஜனை முதலில் கண்டறிந்தவர் அவர்தான். ஆனால் அவரது நூல் 1777-ல்தான் வெளிவந்தது. அதற்குள் பிரீஸ்ட்லி முந்திக்கொண்டார். 1774-ல் குளோரினையும் ஷீலே கண்டறிந்தார்.

1775-ல் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்துப் பளிச்சென்ற பச்சை நிறத்தை உருவாக்கினார். ஆர்சனிக் கொடிய விஷம். வாங்குபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமே என்று கடிதத்தில் கவலைப்பட்டார். அந்தக் கவலையை யார் கேட்டார்கள்? 19-ஆம் நூற்றாண்டில் சுவர்க் காகிதம், பொம்மை, செயற்கைப் பூ, மிட்டாயில்கூட அந்தப் பச்சை கலந்தது. பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர்.

ரசாயனங்களை முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்ப்பது ஷீலேயின் வழக்கம். அதுவே அவர் உடலைக் கெடுத்தது என்று கருதுகிறார்கள். 1786-ல், 43 வயதிலேயே மறைந்தார்.

ஸ்டாம்ப் பேடு, ஸ்கெட்ச் பேனா வாங்கும்போது 'நான்-டாக்சிக்', அதாவது நச்சு இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் கழுவினால் போகும் மையே நல்லது. பேனாவை வாயில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்!