புருஷனை மலையில் இருந்து தள்ளிய கதாநாயகி! சேலத்தை சினிமா ஊராக்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம்

சேலம்,

சேலத்தில் இருந்து ஏற்காடு போகிற ரோட்டில் பழைய ஆர்ச் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் எம்.ஜி.ஆர்., கருணாநிதி எல்லாம் நுழைந்த வாசல் அது. அதைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்து போனார். வெள்ளைக்கார பெண்ணை கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். துணி நெய்ய வேண்டியவர் சினிமாவில் இறங்கி, மாடர்ன் தியேட்டர்சை தொடங்கினார்.

முதல் படமே பரபரப்பு

1937-ல் வந்த முதல் படம் சதி அகல்யா. புராண பத்தினி வேடத்துக்கு அவர் கூட்டி வந்தது இலங்கை நடிகை தவமணி தேவியை. நீச்சல் உடையில் அவர் இருந்த போட்டோக்கள் வெளியானதும் ஊரே வாயைப் பிளந்தது. குடும்பப் பெண்கள் நடிக்க வரவே பயந்த காலம் அது.

மந்திரி குமாரி

1950-ல் வந்த மந்திரி குமாரி இன்னும் ஒரு படி மேல். வசனம் கருணாநிதி. எல்லீஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும் டைரக்டர்கள். கொள்ளைக்கார புருஷன், மனைவியை மலை உச்சிக்கு கூட்டிப்போய் தள்ளப் பார்க்கிறான். சாகும் முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிடுகிறேன் என்று கேட்கும் மனைவி, சுற்றி வரும்போது அவனையே தள்ளி விடுகிறாள். மாதுரி தேவி நடித்த அந்த வேடம் குண்டலகேசி கதையில் இருந்து வந்தது. கல்லானாலும் கணவன் என்று கேட்டுப் பழகிய ஜனங்கள் முன்னால் அப்படி ஒரு காட்சியை வைக்க துணிச்சல் வேண்டும்.

1956-ல் அலிபாபாவும் 40 திருடர்களும் வந்தது. தமிழின் முதல் முழுநீள கலர் படம். எம்.ஜி.ஆருக்கு சரிசமமாக நின்றவர் பி.பானுமதி.

அதே கம்பெனி, வேறு பெண்

ஆனால் 1959-ல் இதே கம்பெனியின் வண்ணக்கிளி படத்தில், அடி வாங்கியும் பொறுத்துப்போகும் மனைவியைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். அதுவும் ஓடியது. தள்ளியவளுக்கும் கைதட்டல், தாங்கியவளுக்கும் கைதட்டல். சுந்தரம் வியாபாரி. எது ஓடுமோ அதை எடுத்தார்.

1963-ல், 56-வது வயதில் அவர் காலமானார். ஸ்டூடியோவும் பின்னாளில் மூடப்பட்டது. ஆர்ச் மட்டும் மிச்சம். அந்த வழியாக பஸ்சில் போகிற பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும், மலை உச்சியில் பயப்படாமல் நின்ற ஒருத்தி இந்த வாசலில் இருந்துதான் வந்தாள் என்று?