ரூல் புக்கையே மாற்ற வைத்த 23 வயது இளைஞர்! - 'லோட்டஸ்' காலின் சாப்மேன் கதை

1951-ம் வருஷம். இங்கிலாந்தின் கிளப் ரேஸ்களில் ஒரு குட்டிக் கார், கூட ஓடிய எல்லாரையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. எல்லாக் கார்களுமே பழைய ஆஸ்டின் 7-ல் இருந்து செய்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே 747 சிசி இன்ஜின். அப்புறம் இந்தக் கார் மட்டும் எப்படி இவ்வளவு வேகம்? கடைசியில் ரேஸ் நடத்திய கிளப்பே விதியைத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

அந்தக் காரைச் செய்தவருக்கு அப்போது வயசு 23. பெயர் காலின் சாப்மேன். பிற்காலத்தில் ஃபார்முலா 1-ஐ புரட்டிப் போட்ட லோட்டஸ் கம்பெனியின் முதலாளி இவர்தான். ஆனால், நாம் பார்க்கப்போவது ஃபார்முலா 1-க்கு முந்தைய சாப்மேனை. ரேஸுக்குப் புதுசா வர்ற யாருக்கும் முதல் நாளே தலையைச் சுற்ற வைக்கும் 'கார் கிளாஸ்' விஷயத்தை இவர் வாழ்க்கையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

விற்காத காரில் இருந்து ஒரு ரேஸ் கார்!

சாப்மேன் பிறந்தது 1928 மே 19, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில். அப்பா ஹோட்டல் நடத்தியவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே, நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். பாக்கெட் மணிக்கு நல்ல வழிதான். ஆனால், 1947-ல் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்ரோலே இல்லாதபோது காரை யார் வாங்குவார்கள்? மார்க்கெட் படுத்துவிட்டது. சம்பாதித்ததெல்லாம் போய், கையில் மிஞ்சியது விற்காத ஒரு பழைய ஆஸ்டின் 7.

அதைக் கழற்றி, காதலி ஹேசல் வில்லியம்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் வைத்து வேறு காராக மாற்றினார். 1948-ல் தயாரான அதுதான் முதல் லோட்டஸ். இப்போது அதை 'மார்க் 1' என்கிறார்கள். சேறும் சகதியுமான மேடுகளில் நிற்காமல் ஏற வேண்டிய 'ட்ரயல்ஸ்' போட்டிகளுக்கான கார் அது. போட்டிகளில் தன்னுடைய கிளாஸில் பரிசும் வாங்கினார். கவனியுங்கள், மொத்தப் போட்டியில் அல்ல, 'தன்னுடைய கிளாஸில்'.

கிளாஸ் என்றால் என்ன பாஸ்?

கபடியில் எடைப் பிரிவு பார்த்திருப்பீர்கள். 55 கிலோ பையனை 85 கிலோ ஆளோடு மோத விட மாட்டார்கள். கார் கிளாஸும் அதே லாஜிக்தான்.

ஆட்டோகிராஸையே எடுத்துக்கொள்வோம். காலியான பார்க்கிங் இடத்தில் ஆரஞ்சு கோன்களை அடுக்கி வைத்து ட்ராக் போடுவார்கள். ஒவ்வொரு காராகத்தான் ஓடும். பக்கத்தில் இடிக்க ஆளே கிடையாது, போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். ஒரே ட்ராக்கில் ஒரு ஹேட்ச்பேக்கும் ஓடும், ஸ்போர்ட்ஸ் காரும் ஓடும். ரெண்டு பேரின் டைமையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஹேட்ச்பேக்காரர் அடுத்த வாரம் வரவே மாட்டார். அதனால்தான் கார்களைப் பிரிவு பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

பிரிப்பதற்கு ரெண்டு கேள்விகள். ஒன்று, கார் கம்பெனியில் இருந்து வரும்போதே எவ்வளவு வேகமானது? ரெண்டு, அதற்கப்புறம் நீங்கள் என்னென்ன மாற்றினீர்கள்? அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸில் ஆரம்பப் பிரிவு 'ஸ்ட்ரீட்'. ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், ஏர் ஃபில்ட்டர் மாதிரி சில பொருள்களை மட்டும் மாற்றலாம். ஆனால், கெத்தாக இருக்கும் என்று அகலமான அலாய் வீல் போட்டீர்கள் என்றால், கார் ஸ்ட்ரீட் பிரிவை விட்டே வெளியேறிவிடும். சஸ்பென்ஷன், இன்ஜின் என்று பணத்தைக் கொட்டிய ஆட்களோடுதான் அப்புறம் போட்டி.

புதுசா வர்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் காசு போட்டு காரை மாற்றிவிட்டு, அப்புறம் எந்த கிளாஸ் என்று தேடுவார்கள். சாப்மேன் செய்தது நேர் எதிர். முதலில் விதியைப் படித்தார். அதற்கப்புறம்தான் ஸ்பானரைத் தொட்டார்.

நாலு வீட்டுக்கு ரெண்டு குழாய்

போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இளைஞர்களிடம் ஆசை இருந்தது, காசு இல்லை. அவர்களுக்காகவே '750 மோட்டார் கிளப்' ஒரு கிளாஸை உருவாக்கியிருந்தது. ஊரெல்லாம் மலிவாகக் கிடைத்த ஆஸ்டின் 7-ன் இன்ஜினும் அடிச்சட்டமும்தான் அடிப்படை. பணக்காரர், ஏழை எல்லாருக்கும் ஒரே சாமான். ஜெயிக்க வேண்டுமென்றால் மூளையைத்தான் செலவழிக்க வேண்டும்.

அந்த இன்ஜினில் ஒரு குறை உண்டு. சிலிண்டர் நான்கு. ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வழி ரெண்டுதான். ரெண்டு ரெண்டு சிலிண்டருக்கு ஒரு வழி. பக்கத்து வீட்டோடு ஒரே தண்ணீர்க் குழாயைப் பங்கு போடுகிற மாதிரி. அவர்கள் திறந்தால் நமக்கு வேகம் குறையும். 1951 சீசனுக்காகச் செய்த 'மார்க் 3' காரில், அந்த வழிகளுக்கு நடுவே தடுப்பு வைத்து ரெண்டை நான்காகப் பிரித்தார் சாப்மேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி. வெளியில் இருந்து பார்த்தால் அதே பழைய ஆஸ்டின் இன்ஜின்தான்.

செய்யக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. ரேஸில் யாராலும் பிடிக்க முடியவில்லை. பிறகு கிளப் அந்த ஐடியாவைத் தடை செய்தது.

இது ஏமாற்று வேலையா, புத்திசாலித்தனமா? கேள்வி எழத்தான் செய்யும். எழுதிய விதியை சாப்மேன் மீறவே இல்லை. ஆனால், எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பதற்காகவே உருவான கிளாஸில் ஒரே கார் ஜெயித்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். கிளப்புக்கும் வேறு வழியில்லை. அந்த 750 ஃபார்முலா இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

8 சிசிக்காக ஒரு ஆபரேஷன்

1952-ல் சாப்மேன் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கினார். அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் தொழிற்சாலை. முதலீட்டுக்கு ஹேசல் 25 பவுண்டு கடன் கொடுத்தார். 1954-ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

கம்பெனியின் முதல் முக்கியமான கார் 'மார்க் 6'. மெல்லிய குழாய்களை வெல்டு செய்த எடை குறைந்த சட்டம். இதை கிட்டாக, அதாவது பாகங்களாக விற்றார். வாங்கியவர் தன் பட்ஜெட்டுக்கும், தான் ஓட நினைக்கும் கிளாஸுக்கும் ஏற்ற இன்ஜினைப் பொருத்திக்கொள்ளலாம். 1,172 சிசி ஃபோர்டு வேண்டுமா, எம்.ஜி இன்ஜின் வேண்டுமா, உங்கள் இஷ்டம். ஃபோர்டு கான்சல் இன்ஜின் 1,508 சிசி. 1,500 சிசி கிளாஸுக்கு 8 சிசி அதிகம். அந்த எட்டுக்காகவே இன்ஜினைப் பிரித்துக் கொள்ளளவைக் குறைத்துப் பொருத்தினார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெடல்? 1,508-லேயே விட்டிருந்தால், இதைவிடப் பெரிய இன்ஜின்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

கிட்டாக விற்றதில் இன்னொரு லாபம், முழுக் காருக்கு விழும் வரி விழாது. 1957-ல் வந்த 'லோட்டஸ் 7' இந்த வழியில்தான் பட்டிதொட்டியெல்லாம் போனது. அதன் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கியது. இன்றைக்கும் அந்த வாரிசுக் கார்களில், எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் கொடுத்து புதியவர்களுக்கென்றே ரேஸ் நடக்கிறது.

உச்சியும் நிழலும்

1958-ல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தது லோட்டஸ். சாப்மேன் காலத்தில் மட்டும் 7 கன்ஸ்ட்ரக்டர் பட்டம், 6 டிரைவர் பட்டம். 1965-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 ரேஸையும் ஜிம் கிளார்க் லோட்டஸில் ஜெயித்தார்.

ஆனால், எடையைக் குறைத்துக்கொண்டே போனதற்கு விலையும் இருந்தது. லோட்டஸ் கார்கள் சீக்கிரம் உடைகின்றன என்ற குற்றச்சாட்டு சாப்மேனை விடவே இல்லை. 1968-ல் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் இறந்தார். 1970-ல் மோன்ஸாவில் யோகன் ரிண்ட் இறந்தார். அந்த வருஷத்து சாம்பியன் பட்டம் இறந்துபோன ரிண்டுக்கே கிடைத்தது.

1981-ல் ஒரே காருக்குள் ரெண்டு சட்டம் வைத்த 'லோட்டஸ் 88'-ஐக் கொண்டுவந்தார். விதியின் வார்த்தைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் செய்த கார். எதிர் டீம்கள் கொதித்தன. ஒரு ரேஸ்கூட ஓட விடாமல் தடை செய்தார்கள். 30 வருஷத்துக்கு முந்தைய அதே கதை. ஆனால், அப்போது ஜெயித்த பிறகுதான் தடை வந்தது. இந்த முறை ஓடுவதற்கே விடவில்லை.

அடுத்த வருஷம், 1982 டிசம்பர் 16 அன்று, மாரடைப்பில் சாப்மேன் இறந்தார். வயது 54. டிலோரியன் கார் கம்பெனிப் பண விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ரேஸ் ஆசை இருக்கும் உங்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அலாய் வீல் கடைக்குப் போவதற்கு முன்னால், நீங்கள் ஓடப்போகிற போட்டியின் விதிகளை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கார் இப்போது இருக்கும் நிலையிலேயே எந்த கிளாஸில் வருகிறது என்று பாருங்கள். முதல் சீசனை அதே காரில் ஓட்டுங்கள். சாப்மேன் ஆரம்பித்ததும் யாரும் வாங்காத ஒரு பழைய ஆஸ்டினில்தான்.