பரோடா மாநாட்டில் ஆபிரகாம் பண்டிதர்

நம் தென்னேரி இளைஞருள் பாட வல்லோர் சிலர், கற்றோர் அவையில் எழுந்து பேசக் கூசுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்காகவே இவ்வரலாற்றை எழுதுகிறோம்.

ஆபிரகாம் பண்டிதர் 1859இல் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். அவர் நம் சமூகத்தவர் அல்லர். இசையையே தொழிலாகக் கொண்ட குடியினரும் அல்லர். நம்மைப் போல் ஆசிரியராகத் தொடங்கிப் பின்னர் தஞ்சையில் சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசைக்கே செலவிட்டார். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல் அருகியிருந்த அக்காலத்தில், கிறித்தவ வழிபாட்டிற்குரிய கீர்த்தனைகளைத் தமிழில் இயற்றினார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டினார்.

1916 மார்ச்சில் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடிற்று. அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் பயில 1913இல் உதவித்தொகை அளித்த மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடே அதன் புரவலர். சாரங்கதேவரைப் பின்பற்றி, ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்றே இசைவாணர் பலரும் கொண்டிருந்தனர். பண்டிதரோ சிலப்பதிகாரத்தைச் சான்றாக வைத்து 24 என்றார். வாதத்தோடு நில்லாமல், தம் குடும்பத்துப் பெண்மக்களை வீணையுடன் அமர்த்தி அதனைப் பாடிக் காட்டச் செய்தார். பெண்கள் அவையேறுதல் அரிதாயிருந்த நாளில் அது சிறு துணிவன்று. அக்கணக்கோ இன்றும் வாதத்திற்குரியதே.

மறு ஆண்டே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். 1919இல் தஞ்சையில் மறைந்தார்.