வண்ண மீன்களுக்காகக் கைக்காசைக் கொட்டிய பெர்லின் டாக்டர்: பரங்கிப்பேட்டை 'நீமோ'வுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கடலூர் மாவட்டம், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களை இங்கே தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆற்று முகத்துவாரத்துத் தண்ணீரைப் பயன்படுத்தியே! 2009-ல் இந்த ஆய்வு 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது.

குழந்தைகளிடம் கேட்டால் இதை 'நீமோ' என்பார்கள். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் செய்த வேலை அது. ஆனால் விஞ்ஞானிகள் இதை 'ஆம்ஃபிப்ரியான்' என்று அழைக்கிறார்கள். இந்தப் பேரினப் பெயர் முதலில் அச்சானது 1801-ல், ஜெர்மனியில் வெளியான ஒரு புத்தகத்தில். அதற்கு வித்திட்டவர், நம்ம ஊர்க் கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு டாக்டர். பெயர் மார்க்கஸ் எலியேசர் ப்ளோக்.

அரிய மீனுக்காகக் காசை அள்ளிக் கொட்டும் ஆசை இன்று நேற்று வந்தது இல்லை. ப்ளோக்கின் வாழ்க்கையைப் பார்த்தால் அது புரியும்.

யார் இந்த ப்ளோக்?

1723-ல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் நகரில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் ஹீப்ரு மொழிக் கல்வி மட்டும்தான் கிடைத்தது. 19 வயதாகும்போதும் அவருக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது, லத்தீனும் தெரியாது. அந்தக் காலத்தில் இந்த இரண்டும் இல்லாமல் மருத்துவம் படிப்பதை நினைத்தே பார்க்க முடியாது.

ஹாம்பர்க் சென்று ஒரு அறுவை மருத்துவரிடம் சேர்ந்தார். அங்கே ஜெர்மனும் லத்தீனும் கற்றார், உடற்கூறியலும் படித்தார். 1762-ல் ஓடர் நதிக்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு பெர்லினில் மருத்துவராகத் தொழில் நடத்தினார்.

நல்ல வருமானம், நல்ல பெயர். 1773-ல் பெர்லினில் இயற்கை ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலும் இருந்தார். குடற்புழுக்கள் பற்றி எழுதிய கட்டுரைக்கு டென்மார்க் அறிவியல் கழகத்தின் பரிசும் கிடைத்தது.

இத்தோடு நின்றிருந்தால் இன்று யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. 50 வயதைத் தாண்டிய பிறகுதான் மீன் பக்கம் திரும்பினார்.

12 தொகுதி, 432 படங்கள்

முதலில் ஜெர்மனியின் மீன்கள். 1782 முதல் 1784 வரை மூன்று தொகுதிகள். அடுத்து வெளிநாட்டு மீன்கள். 1785-ல் தொடங்கி 1795 வரை ஒன்பது தொகுதிகள். மொத்தம் 432 பெரிய படங்கள். ஒவ்வொன்றும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. செதிலின் மினுமினுப்பைக் காட்ட சில படங்களில் வெள்ளி, தங்கப் பூச்சும் சேர்த்தார்கள்.

செலவை யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாம் ப்ளோக்கின் சொந்தக் காசு. ஒரு கட்டத்தில் தாங்க முடியவில்லை. அப்போது கைகொடுத்தவர்கள் இளவரசர்களும் பிரபுக்களும் செல்வந்தர்களும்தான். ஆளுக்கொரு படத்தின் செலவை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் படத்தின் அடியில் அவர்களுடைய பெயர் பொறிக்கப்பட்டது. நம்ம ஊர்க் கோயிலில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்!

தரங்கம்பாடியிலிருந்து போன பார்சல்

சரி, பெர்லினில் உட்கார்ந்திருந்தவருக்கு நம்ம கடல் மீன் எப்படிக் கிடைத்தது?

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும் இங்கேதான். அதே மிஷனுக்கு 1771-ல் வந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார். 1813-ல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே இருந்தார்.

ஜானுக்கு இயற்கை ஆராய்ச்சியில் கொள்ளை ஆர்வம். கரைக்கு வரும் மீன்களைச் சேகரித்துப் பதப்படுத்தி, கப்பலில் ப்ளோக்குக்கு அனுப்பி வைத்தார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகவேண்டிய பயணம்.

அந்த உதவிக்கு ப்ளோக் செய்த நன்றிக்கடன் இன்றைக்கும் நம்ம மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. கத்தாளை மீன் தெரியும்தானே? அந்த வகையில் ஒரு பேரினத்துக்கு 1793-ல் 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். ஜான் பாதிரியாரின் பெயர்தான் அது. அதில் ஒரு மீனின் முழுப்பெயர் 'ஜானியஸ் கருட்டா'. அந்த 'கருட்டா' வேறொன்றும் இல்லை, நம்ம 'கருத்த கத்தாளை'யில் உள்ள 'கருத்த'தான்! தரங்கம்பாடி மீனவர்கள் வாயில் இருந்த தமிழ்ச் சொல், லத்தீன் வேஷம் போட்டு உலக அறிவியல் நூலில் ஏறிவிட்டது.

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் விரும்பிச் சாப்பிடும் கொடுவாவை 1790-ல் அறிவியல் உலகுக்கு விவரித்தவரும் ப்ளோக்தான்.

பேரரசர் மீன்: ஒரே மீனுக்கு இரண்டு பெயர்

ப்ளோக் பெயர் வைத்த மீன்கள் எல்லாம் குழம்புக்கான மீன்கள் இல்லை. இன்று கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசைப்படும் 'எம்பரர் ஏஞ்சல்' மீனை 1787-ல் விவரித்தவர் அவர்தான். லத்தீனில் அவர் வைத்த 'இம்பரேட்டர்' என்றால் பேரரசர். மெரூன் கோமாளி மீனும் அவர் கணக்கில் வருவதுதான். அது 1790-ல்.

பேரரசர் மீனில் ஒரு வேடிக்கை உண்டு. வளர்ந்த மீனுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் கோடுகள். குட்டி மீனோ கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மீன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் 1801-ல் வந்த புத்தகத்தில் குட்டி மீனுக்கு நிகோபார் தீவின் பெயரால் தனிப் பெயரே கொடுத்துவிட்டார்கள்!

ஏன் இந்தத் தவறு? ப்ளோக்கிடம் வந்தவை எல்லாம் உயிரில்லாத மீன்கள். பதப்படுத்தும் திரவத்தில் போட்டதும் மீனின் நிறம் மங்கத் தொடங்கிவிடும். குட்டி வளர்வதையும் நிறம் மாறுவதையும் பார்க்க வழியே இல்லை. கடல் மீனை வீட்டுக்குள் உயிரோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது 1850-களில்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1799 ஆகஸ்ட் 6-ம் தேதி, கார்ல்ஸ்பாட் நகரில் ப்ளோக் காலமாகிவிட்டார்.

அவர் பாதியில் விட்ட வேலையை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்தார். 1801-ல் வெளியான அந்த நூலில் 1,519 மீன் இனங்கள். துடுப்புகளின் எண்ணிக்கையை வைத்து மீன்களைப் பிரித்த முறை பிற்காலத்தில் எடுபடவில்லை. ஆனால் அதில் வந்த 'ஆம்ஃபிப்ரியான்' உள்ளிட்ட பல பெயர்கள் நிலைத்துவிட்டன. ப்ளோக் சேர்த்த மீன்களில் பல நூறு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இன்றைக்கு ஏன் இவ்வளவு விலை?

ப்ளோக் காலத்தில் மீனின் விலை, தூரத்தின் விலை. இன்றும் பாதி அதுதான். பெப்பர்மின்ட் ஏஞ்சல் என்ற சிவப்பு வெள்ளைப் பட்டை மீன், பசிபிக் கடலின் குக் தீவுகளில் ஆழமான பாறைகளில் வாழ்கிறது. உயிரைப் பணயம் வைத்து டைவ் அடித்தால்தான் கிடைக்கும். அதனால் ஒரு மீனே பல லட்சம் ரூபாய் என்று பேசப்படுகிறது.

மீதிப் பாதி, உயிரோடு வைத்திருக்கும் பாடு. உப்பின் அளவு, வெப்பநிலை, கழிவு நீக்கும் கருவி என்று எல்லாம் சரியாக இருக்கவேண்டும். நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை. கடல் வண்ண மீன்களில் பெரும்பாலானவையோ நேராகக் கடலில் பிடிக்கப்படுபவை.

சிக்கல் இங்கேதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு தெளித்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. மயங்கிய மீன் பிழைத்தாலும் கடை போய்ச் சேர்வதற்குள் செத்துப்போகலாம். பக்கத்தில் இருக்கும் பவளப்பாறையும் பாழாகும். இந்தியாவில் கடல்குதிரை, பவளம் போன்றவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பரங்கிப்பேட்டை காட்டும் வழி

இப்போது மீண்டும் வெள்ளாற்றங்கரைக்கு வருவோம். கோமாளி மீன் ஜோடி, தொட்டியில் உள்ள ஓடு மாதிரியான கெட்டியான பரப்பில் முட்டை ஒட்டிவைக்கும். அப்பா மீன்தான் காவல். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். சுமார் ஒரு வாரத்தில் இரவு நேரத்தில் குஞ்சு பொரிக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குஞ்சுகளுக்கு 'ரோட்டிஃபர்' என்ற நுண்ணுயிரியை வளர்த்து உணவாகக் கொடுக்கவேண்டும். அந்தச் சில வாரங்களைத் தாண்ட வைப்பதுதான் பெரிய சவால்.

அதில் ஜெயித்துவிட்டால் ஒரு ஜோடியே திரும்பத் திரும்ப முட்டையிடும். கடலில் கை வைக்கவே தேவையில்லை. விலையும் குறையும். அரிய மீன் என்ற கெத்து கொஞ்சம் போகும்தான். ஆனால் மீனின் அழகு எங்கேயும் போகாது.

ப்ளோக்குக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் கைக்கு வந்தது நிறம் போன, உயிர் போன மீன் மட்டுமே. நமக்கு அப்படி இல்லை. அடுத்தமுறை வண்ண மீன் கடைக்குப் போனால், விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பவளப்பாறையின் எதிர்காலம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.