ஐந்து உருவெடுத்த கலைஞர் பி. யு. சின்னப்பா

மாயாஜாலக் கதைகள் தமிழ் மக்களுக்குப் புதியவை அல்ல. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பெற்றவை. அக்கதையுலகைத் திரையில் தம் குரலாலும் உடல் வன்மையாலும் நம்பத்தக்கதாக்கியவர் பி. யு. சின்னப்பா.

1916ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை நாடக நடிகர். மகனும் இளவயதிலேயே மேடை ஏறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக உயர்ந்தார். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படிப்பை நிறுத்திவிட்டு அக்கம்பெனிக்கு வந்த சிறுவர்தாம் எம். ஜி. இராமச்சந்திரன். அங்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்த காளி என். ரத்னமும் குடந்தைப் பகுதியினரே.

பாய்ஸ் கம்பெனியில் குரல்தான் சோறு. சின்னப்பாவுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது ராஜபார்ட் கை நழுவிற்று. கம்பெனியை விட்டு வெளியேறியவர் சிலம்பமும் பளு தூக்குதலும் பயின்றார். கருநாடக இசையை முறையாகக் கற்றார். 1936இல் 'சந்திரகாந்தா' மூலம் திரைக்கு வந்தும் வாய்ப்புகள் தொடரவில்லை. மனமொடிந்து விரதங்களில் ஆழ்ந்திருந்தவரை மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அழைத்து 'உத்தமபுத்திர'னில் (1940) இரட்டை வேடம் தந்தார். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடம்.

காத்தவராயன் கதையான 'ஆர்யமாலா'வும் (1941), 'கண்ணகி', 'மனோன்மணி' (1942) ஆகியவையும் அவரை முன்னணியில் நிறுத்தின. ஆயினும் மாயக்கதையின் முழுச்சுவை கனிந்தது பட்சிராஜாவின் 'ஜகதலப்பிரதாப'னில் (1944); இயக்கியவர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு. தேவகன்னியர் மீது ஆசை வைத்ததை மறைக்காமல் கூறிய இளவரசன், தந்தையின் சினத்துக்கு ஆளாகி நாட்டைவிட்டு ஓடி, இந்திரலோகம் நாகலோகம் எல்லாம் சுற்றி அவர்களை மணக்கும் கதை. அதில் ஒரு கச்சேரி. பாடுபவர் சின்னப்பா; சூழ அமர்ந்து பக்கவாத்தியம் வாசிப்போரும் சின்னப்பாவே. ஐந்து உருவங்கள்!

கணிப்பொறி இல்லாத காலம். சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து மற்றவற்றை மறைத்துப் படம்பிடித்து, அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி அடுத்த பகுதியைத் திறப்பதே அன்றைய வழி. ஒருமுறை பிசகினால் முன்னர் எடுத்தவை அனைத்தும் பாழ். போரினால் கச்சாச் சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மிகக்கூடாதென அரசு வரையறுத்திருந்த நேரம் அது. ஆனால் கேமராவின் வித்தை பாதிதான். ஐவரும் ஒரே தாளத்தில் அசையவேண்டும். தலையாட்டலும் விரலோட்டமும் ஆளுக்கொருவிதமாக இருக்கவேண்டும். அங்கே உதவியது மகரக்கட்டுக் காலத்துச் சாதகம்தான். அதே ஆண்டு 'ஹரிதாஸ்' வழியே தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். இனிமையில் பாகவதரே மேல் என்பாரை மறுக்க இயலாது. எனினும் வாளும் கம்பும் இசையும் ஒருவரிடமே கூடி நின்றது சின்னப்பாவிடம்தான்.

'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேடம் ஏற்றார். அதே ஆண்டு 'ரத்னகுமா'ரில் அவர் நாயகர். பாய்ஸ் கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆர். துணை நடிகர். ஈட்டிய பொருளைப் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி வாங்கக்கூடாதெனச் சமஸ்தானமே தடுத்ததாக அவ்வூரார் சொல்வதுண்டு. வாய்ப்பற்று அலைந்த நாள்களை மறக்காதவரின் செயலாகவே அது தோன்றுகிறது.

1951 செப்டம்பர் 23ஆம் நாள் புதுக்கோட்டையில் திடீரெனக் காலமானார். வயது 35. அவர் நடித்து முடித்திருந்த 'சுதர்சன்' அதன் பின்னரே திரைக்கு வந்தது.