கடன்பட்ட மடத்தின் தலைவர்

மடாதிபதி சாம்சனை நான் முதன்முதல் அறிந்தது, கார்லைல் என்னும் அறிஞர் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாகவே. பின்னர், அவருக்குச் சிலகாலம் அணுக்கத் துணைவராயிருந்த ஜொசலின் என்ற துறவி இலத்தீனில் வரைந்த வரலாற்றின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். கார்லைல் காட்டியது வீரரை. ஜொசலின் காட்டியதோ மனிதரை.

கிழக்கு இங்கிலாந்தின் பெரி சென்ற் எட்மண்ட்ஸ் நகரிலே ஆசீர்வாதப்பர் சபையாரின் பெருமடம் ஒன்று இருந்தது. ஹியூ என்ற தலைவரின் முதுமைக் காலத்தில் கணக்கு வழக்குச் சீர்குலைந்தது. கோயிற்பொருள் காத்த துறவி வட்டிக்கு வாங்கிய 40 மார்க், அதாவது ஏறக்குறைய 27 பவுண், 100 பவுணாக வளர்ந்து நின்றதாம்! ஹியூ 1180இல் மறைந்தார். 1182 பெப்ரவரியில், இரண்டாம் ஹென்றி மன்னரின் முன்னிலையில் சாம்சன் தெரிவுசெய்யப்பட்டார். பாரிசில் கற்றவர், முன்னைத் தலைவரால் தண்டிக்கப்பட்டவர், அப்போது வயது 47.

அவர் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று, மடத்திலுள்ள முத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் செய்தது. முப்பத்துமூன்று முத்திரைகள் வந்து குவிந்தன! ஒவ்வொன்றும் ஒரு கடனுக்கு வாயில். இனி ஒரு பவுணுக்கு மேற்பட்ட கடனை எவரும் தம் விருப்பப்படி வாங்கலாகாதென விதித்தார். ஊரூராய்ச் சென்று, நிலங்களின் வருவாயை ஏட்டிற் பதிவித்தார். உக்கிராணத்தின் கணக்கையும் தம் கைக்குள் கொணர்ந்தார். கடன் தீர்ந்தது; ஆனால் துறவியரின் முணுமுணுப்பு வளர்ந்தது. ஜொசலினின் அன்பே ஏட்டின் பிற்பகுதியிற் குளிர்ந்துவிடுகிறது. 1191இல் ஹேர்பேட் என்னும் முதிய குருவானவர் தமக்கென ஒரு காற்றாலை அமைத்தபோது, மடத்து ஆலைகளின் வருவாய் குறையுமென்று சாம்சன் சினந்தார். முதியவர் அஞ்சித் தாமே அதனைப் பிரித்தெறிந்தார்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 1190ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று அந்நகரில் 57 யூதர் கொல்லப்பட்டனர். எஞ்சியோரைக் காக்க வேண்டியவரோ, மன்னரின் இசைவு பெற்று அவர்களை ஊரைவிட்டே வெளியேற்றினார். ஜொசலின் இதனைப் புகழ்ச்சியாகவே எழுதுகிறார். கணக்கேட்டைத் திருத்திய அதே கையே இதனையும் செய்தது என்பதை என்னால் மறக்க இயலவில்லை.

1211 டிசம்பரில் அவர் இறந்தபோது நாடெங்கும் திருச்சபையின் வழிபாட்டுத் தடை இருந்தது. ஆதலால் மந்திரிக்கப்படாத நிலத்திலே அடக்கம் செய்தனர். 1214இல் மடத்தின் அவைக்கூடத்திற்கு மாற்றினர். மடம் 1539இல் கலைக்கப்பட்டுக் கல்லாய்ச் சிதறிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தோண்டியவர்கள், மடாதிபதிகளின் கல்லறைகளை அங்கே கண்டனர்.